ஸ்கேலைத் தாண்டிய விரல்

மேலே வைக்க முடியாது அக்கா. கண்டக்டரிடம் என்ன சொன்னேனோ அதையேதான் உங்களிடமும் சொல்கிறேன். இது மூட்டை இல்லை, கிதார். இந்த டிரைவர் பிரேக் போடுகிற அழகுக்கு மேலேயிருந்து விழுந்தால் கழுத்து இரண்டாகப் போய்விடும். லக்கேஜ் டிக்கெட் கேட்டார், வாங்கிவிட்டேன். டிக்கெட் வாங்கின பொருளுக்கு இந்தப் பஸ்ஸில் இடம் உண்டா இல்லையா? உங்கள் தோளில் இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இடித்தாலும் எடுப்பதாக இல்லை.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, தெரியும். பார்த்தீர்கள். அது போதும்.

ஒரு பாட்டு வாசி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறுவதற்குள் மூன்று பேர் கேட்டாயிற்று. தையல் மிஷின் கொண்டுபோகிறவரிடம் ஒரு சட்டை தைத்துக் காட்டு என்று யாராவது கேட்கிறார்களா?

என் பேர் எப்சிபா. திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறேன். இது கல்லூரிக் குழுவின் கிதார். இப்போது என்னிடம் இருக்கிறது. திருடவில்லை, அப்படிப் பார்க்காதீர்கள். இந்தக் கிதார் எங்கள் குழுவுக்கு வந்ததே என்னால்தான். நான் இருக்கிற இடத்தில்தான் இது இருக்கும். நியாயமா இல்லையா என்று முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மதுரை வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் இந்தக் கழுத்தைப் பாருங்கள். பையின் ஜிப்பைத் திறக்கிறேன், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இதோ, தலைக்குக் கீழே வெள்ளையாக ஒரு துண்டு இருக்கிறதா? ஆறு கம்பியும் அதன்மேல் ஏறித்தான் வருகிறது. அந்த இடத்தில் கழுத்தின் அகலம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். எங்கள் கலைக்குழு அறையில் ஒரு பழைய கிதார் கிடக்கிறது, நைலான் கம்பி போட்டது. அதன் கழுத்து ஐம்பத்திரண்டு. பத்து மில்லிமீட்டர்தானே, உங்கள் சுண்டுவிரல் அகலம்கூட இல்லையே என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

வாசிக்கிறவள் சொல்கிறேன், கேளுங்கள். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். அமுக்கிக்கொண்டே மற்ற மூன்று விரலும் வேறு வேறு கம்பிக்குத் தாவ வேண்டும். அகலக் கழுத்தில் என் விரல் கடைசிக் கம்பிக்குப் போய்ச் சேருவதற்குள் மணிக்கட்டு ஒடிகிற மாதிரி வளைந்துவிடும். வளைந்த கையில் பலம் இருக்காது. பலம் இல்லையென்றால் கம்பி பாடாது, தகரத்தில் கரண்டி தட்டின மாதிரி ஒரு சத்தம்தான் வரும். ஒரு வருடம் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டினேன். ராத்திரியானால் மணிக்கட்டில் தைலம். அறைத்தோழிகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு படுப்பார்கள்.

எங்கள் கலைக்குழுவுக்குப் பொறுப்பு பொன்னுலிங்கம் சார். அவரிடம் போய் வேறு கிதார் வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "விரல் எட்டலேன்னா எட்டுத கருவியா எடும்மா. சின்னதா உகுலேலேன்னு ஒண்ணு இருக்கு. இது ஆம்பளக் கைக்குச் செஞ்சது."

நான் கேட்டேன்: "கழுத்துல மீசையா சார் வச்சிருக்கு?"

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எட்டாத கைய வச்சிக்கிட்டு வாய் மட்டும் எட்டுது" என்றார்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன், இந்த மனுஷனை விடுவதில்லை என்று. எழுதினேன் அக்கா ஒரு மனு, துணைவேந்தர் வரைக்கும் போயிற்று. அதில் ஒரு வரி எங்கள் விடுதியில் சுவரிலேயே எழுதி வைத்தார்கள். 'கழுத்துக்கு ஏற்றபடி கையை வளைக்கக் கூடாது. கைக்கு ஏற்றபடிதான் கழுத்து இருக்க வேண்டும்.' எப்படி இருக்கிறது? பேசும்போதும் எனக்கு இப்படித்தான் வரும்.

வெறும் வாயால் வாதாடினால் போதாது, ஆதாரம் வேண்டும். இந்த ஸ்கேலைப் பாருங்கள், பையின் பக்கவாட்டு அறையிலேயே வைத்திருக்கிறேன். பதினைந்து சென்டிமீட்டர். இதை எடுத்துக்கொண்டு விடுதியில் அறை அறையாகப் போனேன். கையை விரித்து வைக்கச் சொல்லி, ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் அளந்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிதார் வாசிக்கிறவளின் வாழ்க்கையே இருக்கிறது. எல்லாரையும் அளந்து சராசரி போட்டு, இதுதான் பெண் கை, இதற்கு நாற்பத்திரண்டுக்கு மேல் ஆகாது என்று நிரூபித்தேன். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் கழுத்தோடு இந்தக் கிதார் வந்தது. பொன்னுலிங்கம் சார் கையாலேயே கையெழுத்துப் போட்டு வாங்கவைத்தேன். பெட்டியைப் பிரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே நீங்கள்!

உங்கள் கையை வையுங்கள் இங்கே. சும்மா வையுங்கள் அக்கா, ஜோசியம் பார்க்க மாட்டேன். நன்றாக விரியுங்கள். ம்… கடைசிக் கோட்டைத் தொட்டு… தாண்டுகிறதே. பஸ் ஆட்டத்தில் ஸ்கேல் நகர்ந்துவிட்டது. விடுங்கள். எடுத்துக்கொள்ளுங்கள் கையை.

போன் அடிக்கிறது, கேட்கிறது. ரஹ்மத். எங்கள் குழுவின் பாடகி. எடுக்க மாட்டேன். கெஞ்சட்டும்.

எங்கே விட்டேன்? ஆமாம், இசக்கி. இன்னும் அவளைப் பற்றிச் சொல்லவே இல்லையே. இசக்கியம்மாள், வள்ளியூர்ப் பக்கம். என் வகுப்புதான். கல்லூரி வாலிபால் டீமில் ஆடுகிறாள். அவள் கையைப் பார்த்தால் பயந்துவிடுவீர்கள். முறம், அக்கா. பந்தை ஒரு கையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்து போவாள், கீழே விழாது.

அவளுக்குக் கிதார் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்து வியர்வையோடு கலைக்குழு அறைக்கு வருவாள், தண்ணீர் குடிக்க. நான் வெறுத்து ஒதுக்கின அந்த அகலக் கழுத்துக் கிதார் மூலையில் சும்மா கிடந்தது. எடுத்துத் தட்டிப் பார்த்தாள், போனைப் பார்த்துப் பழகினாள். கொஞ்ச நாளில் எங்களோடு உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அது எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இவள் கட்டைவிரல் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு மேலே வந்து ஆறாவது கம்பியை அமுக்குகிறது! ஐம்பத்திரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி! "ஏட்டி, அது தப்பு" என்றேன். "தப்பா? நல்லாத்தான கேக்கு" என்கிறாள். நல்லா கேட்டால் சரியாகிவிடுமா?

அளந்தீர்களா என்று கேட்கிறீர்களா? இசக்கியையா? அளந்தேன் அக்கா, அளக்காமலா? ஸ்கேல் முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் ஆள்காட்டி விரல் சுழியத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் சுண்டுவிரல் ஸ்கேலைத் தாண்டி மேஜைமேல் கிடக்கிறது. தாண்டினதை எங்கே எழுதுவது? அவளே கேட்டாள், "எவ்வளவுட்டி வருது?" என்று. "நீ கணக்குல வரமாட்டே" என்றேன். எந்தக் கணக்கெடுப்பிலும் விதிவிலக்கு என்று ஒன்றை ஒதுக்குவார்கள். அதுதான் முறை.

சரி. புதுக் கிதார் வந்தது. எல்லாரும் இதில்தான் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். வாங்கிவிட்டு மூலையில் வைத்தால் பொன்னுலிங்கம் சார் சும்மா இருப்பாரா? இசக்கியிடம் கொடுத்தேன். அவள் கை வைத்தால் பட் பட்டென்று கம்பி செத்துப்போகிறது. ஒரு விரலை வைத்தால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அடைபடுகிறது. ரெண்டு நாள் பார்த்தாள். பிறகு, "எனக்கு இடம் பத்தல எப்சி, விரல் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது" என்றாள்.

கேட்டீர்களா? எட்டவில்லை என்று சொன்னால் அது நியாயம். இடம் பத்தவில்லை என்று சொன்னால் அது திமிர்தானே? நாலு பேர் கண்ணீர் விட்டு வாங்கின கிதார். நான் கேட்டேன்: "உனக்காகக் கழுத்த முருங்கைமரம் மாதிரியா செய்யச் சொல்லணும்? பொம்பளப் பிள்ளை கை மாதிரியா இருக்கு இது?"

ரஹ்மத் அங்கேதான் இருந்தாள். "எப்சி, நீ இப்ப பொன்னுலிங்கம் சார் மாதிரியே பேசுத" என்றாள்.

என்ன ஒரு அபாண்டம் பாருங்கள். அவர் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு. அவர் என்னைத் தள்ளிவைக்கப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். அந்தக் கை பெண் கை மாதிரியா இருக்கிறது? சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றால் இல்லை. இதில் என்ன தப்பு?

அன்றையிலிருந்து இசக்கி என்னோடு பேசும்போது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்கிறாள். ஊரே பார்க்க வலைக்கு மேலே எகிறி அடிக்கிற கை! என் முன்னால் மட்டும் துப்பட்டாவுக்குள். நாடகம். புதுக் கிதாரையும் அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. மறுபடியும் மூலைக்குப் போய் அந்தப் பழசை எடுத்துக்கொண்டாள்.

இந்த இடம் துவரங்குறிச்சிதானே? முறுக்கு விற்கிறான். வேண்டாம்பா, போ. அக்கா, உங்களுக்கு வேண்டுமா? சரி.

மறுபடியும் ரஹ்மத். அடிக்கட்டும்.

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். திருச்சியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, எங்களுக்கு இன்று காலையில் மேடை. பாட்டு எங்களுடையதே, ரஹ்மத் எழுதினது. நடுவில் குரல் நின்றுவிடும், கிதார் மட்டும் தனியாகப் போகும். அதில் இரண்டு வேலை இருக்கிறது. அடியில் கனமாக ஒரு கம்பி தாளம் பிடிக்க வேண்டும், மேலே மெட்டு ஓட வேண்டும். மெட்டு நான், தாளம் இசக்கி என்றுதான் முதலில் இருந்தது. பிறகு மாறியது. இசக்கி மெட்டு, நான் தாளம். அவள் மெட்டு வாசித்தால் நன்றாக இருக்கிறதாம். சரி என்று அதற்கும் ஒத்துக்கொண்டேன். எனக்குப் பெருந்தன்மை உண்டு.

அவளுக்கும் இதே அளவுக் கழுத்தில் ஒன்றைத் திருச்சியில் வாடகைக்கு எடுப்பதாகத்தான் பேச்சு. நேற்று ஒத்திகையில் பார்க்கிறேன், இசக்கி பையைத் திறந்து அந்தப் பழைய கிதாரை எடுக்கிறாள். எங்களுக்குப் பின்னால் தனி வண்டியில் வந்தவள், ஊரிலிருந்து தூக்கிக்கொண்டே வந்திருக்கிறாள்! மேடையில் அதைத்தான் வாசிக்கப்போகிறாளாம். ரஹ்மத்துக்கு முன்னமே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

நான் சொன்னேன்: "அந்தக் கிதார் மேடை ஏறினா புதுசே தேவயில்லன்னு பொன்னுலிங்கம் சாருக்கு ஆயிரும். அகலக் கழுத்துலயும் பொண்ணுங்க வாசிக்கலாமேன்னு நாளைக்கே சொல்லுவாரு. நான் போட்ட மனு செத்துச்சு."

இசக்கி வாயைத் திறந்தாள்: "எப்சி, எனக்கு அதுலதான் வருது."

"உனக்கு வருதுங்கது முக்கியமா, எல்லாப் பொண்ணுக்கும் வரணுங்கது முக்கியமா?"

"நானும் அந்த எல்லாப் பொண்ணுலதான இருக்கேன்?"

சட்டம் படிக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? பொதுவானதைப் பேசும்போது தனிப்பட்டதைக் கொண்டுவந்து நுழைப்பது. முதல் வருடப் பாடத்திலேயே இது தப்பு என்று இருக்கிறது. பதில் தெரியாமல் இல்லை. அந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொன்னால் அதற்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"ஒண்ணு அந்தக் கிதார், இல்லேன்னா நான்" என்றேன் ரஹ்மத்திடம்.

அவள் யோசிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்சமாவது யோசித்திருக்கலாம். "அப்ப நீ போ" என்றாள்.

வந்துவிட்டேன். காலையில் அவர்கள் எல்லாரும் குளிக்கப் போயிருந்தபோது இதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தாளம் பிடிக்க இது இல்லாமல் என்ன செய்வார்கள்? மெட்டு மட்டும் தனியாகப் போனால் அஸ்திவாரம் இல்லாத சுவர் மாதிரி நிற்கும். மேடையில் நின்று முழிக்கட்டும். கழுத்து எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரியும். என்னை எவ்வளவு… கிதார் எவ்வளவு முக்கியம் என்று.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? அலுத்துவிட்டதா? கொஞ்சம்தான் பாக்கி.

இதோ, ரஹ்மத் போன் அடிப்பதை நிறுத்திவிட்டு வீடியோ அனுப்பியிருக்கிறாள். மேடை முடிந்துவிட்டதுபோல. அழுமூஞ்சியாக எதையாவது அனுப்பியிருப்பாள். பார்க்க வேண்டாம்.

சரி, பார்ப்போம். நீங்களும் பாருங்கள். இயர்போனில் ஒன்றை நீங்கள் காதில் வையுங்கள், ஒன்று எனக்கு. துடைத்துத்தான் இருக்கிறது, வையுங்கள்.

அதோ ரஹ்மத், பச்சைச் சேலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இசக்கி. பார்த்தீர்களா அந்தக் கையை? நான் சொன்னது பொய்யா? துப்பட்டாவே போடவில்லை இன்று. மேடை வெளிச்சம் நேரே கையில்தான் விழுகிறது.

ரஹ்மத் பாடிக்கொண்டு இருக்கிறாள். இப்போது நிறுத்துவாள். இங்கேதான். இங்கேதான் தாளம் இல்லாமல் விழுந்து…

இருங்கள்.

தாளம் யார் பிடிப்பது? வேறு யாரையாவது பின்னால் உட்காரவைத்திருக்கிறார்களா? இல்லை. இரண்டு பேர்தான். கீழே கனமாக ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது, கேட்கிறதா உங்களுக்கு? மேலே மெட்டும் போகிறது. இருங்கள், பெரிதாக்குகிறேன்.

கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலைப் பாருங்கள் அக்கா. பின்னாலிருந்து சுற்றி வந்து ஆறாவது கம்பியை அதுதான் பிடித்துக்கொண்டு இருக்கிறது. மற்ற விரல் நாலும் மெட்டுக்கு என்றே காலியாக இருக்கிறது. இரண்டு வேலையையும் ஒரே கை. நான் வாசிக்க வேண்டியதை அவள் கட்டைவிரல் வாசிக்கிறது.

தப்பு. அப்படிப் பிடிக்கவே கூடாது. எந்த வாத்தியார் பார்த்தாலும் அடிப்பார்.

பேசாதீர்கள், கொஞ்சம் கேட்கவிடுங்கள்.

…அந்த இடத்தில் அவள் விரல்களுக்கு நடுவே எவ்வளவு இடம் பார்த்தீர்களா? ஒன்றின்மேல் ஒன்று ஏறவே இல்லை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பாடுகிறது. இந்தக் கிதாரில் அவளுக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. நான் சொல்கிறேன், இதில் அவள் எத்தனை வருடம் வாசித்தாலும் அது வராது. பத்து மில்லிமீட்டர் அக்கா! பத்து மில்லிமீட்டர்தானே என்று எல்லாரும் சொன்னார்களே, இப்போது சொல்லச் சொல்லுங்கள்! நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டு இருக்கிறேன். என் வாதம் சரியா இல்லையா?

கைதட்டல். நீளமாகத் தட்டுகிறார்கள். தட்டட்டும்.

நடுவர் ஏதோ கேட்கிறார். ஏன் பழைய நைலான் கிதார், புதிது இல்லையா என்று. இசக்கிக்கு மைக்கில் பேச வராது. உளறப்போகிறாள் பாருங்கள்.

என்ன சொன்னாள்? மறுபடியும் போடுகிறேன்.

"எங்க குழுவுல எப்சிபான்னு ஒருத்தி இருக்கா. அவ சொல்லுவா, கழுத்துக்கு ஏத்தபடி கைய வளைக்கக் கூடாது, கைக்கு ஏத்தபடிதான் கழுத்து இருக்கணும்னு. அதான் நான் இதுல வாசிச்சேன்."

என் வரி! என் வரி அக்கா அது! என் மனுவில் இருக்கிற வரி! எனக்கு எதிராகச் செய்த காரியத்துக்கு என் வரியையே எடுத்து… ஒரு வார்த்தை என்னிடம் கேட்டாளா? நான் இல்லாத மேடையில் என் வாதத்தை வைத்து நடுவர் வாயை அடைத்திருக்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டே.

கீழே ரஹ்மத் எழுதியிருக்கிறாள். 'சாயங்காலம் முடிவு சொல்லுவாங்க. மூணு பேரும்தான் மேடைல நிக்கணும். உன் இடத்தக் காலியா வச்சிருக்கோம். கோவத்தோடயே வா, பரவால்ல.'

கோவத்தோடயே வாவாம்! எவ்வளவு கொழுப்பு. என் கோபத்துக்கு இவள் அனுமதி கொடுக்கிறாள்.

என்ன அக்கா, ஏதோ சொன்னீர்களே? மறுபடியும் சொல்லுங்கள், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. 'அந்தப் பிள்ளை சொன்னதுல என்ன தப்பு'?

தப்பு இல்லை என்றுதான் நான் கோபப்படுகிறேன், புரியவில்லையா உங்களுக்கு? தப்பாகச் சொல்லியிருந்தால் இங்கேயிருந்தே திருத்தியிருப்பேன்! சரியாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த வரி அவள் கைக்காக எழுதினது இல்லை. அவள் கை விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து விதியைப் பேச முடியாது. இதை நேரில் போய்ச் சொல்லாமல் விட்டால் நான் சட்டம் படித்தே பிரயோஜனம் இல்லை. அவள் எதிரே உட்கார்ந்து, அந்தக் கையைத் துப்பட்டாவிலிருந்து எடுடி என்று எடுக்கவைத்து, மேஜைமேல் விரிக்கவைத்து, எல்லார் முன்னாலும் அளந்து, இத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி, இதோ பார், எவ்வளவு பெரிய விதிவிலக்கு என்று காட்டுகிறேன். இந்தத் தடவை சரியான எண்ணைப் போட்டுத்தான் விடுவேன். யாருக்கும் பேச வாய் இருக்காது.

ஒத்தக்கடை தாண்டியாச்சா? அப்படியென்றால் மதுரை மாட்டுத்தாவணி வந்துவிட்டது. நான் திருநெல்வேலி வரைக்கும் டிக்கெட் எடுத்தேன், கண்டக்டர் முழிப்பார், முழிக்கட்டும். திருச்சி வண்டி எதிர்ப் பக்கத்திலேயே நிற்கும். சாயங்காலத்துக்குள் போய்விடலாம்.

கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள் அக்கா, கிதாரை எடுக்கிறேன். பார்த்து, கழுத்து இடிக்கும். இந்த ஸ்கேலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாராவது இருந்தால் கொடுங்கள். எனக்கு இது பத்தாது.

முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் விற்கிற கடை பஸ் ஸ்டாண்டுக்குள் எந்தப் பக்கம் இருக்கும், தெரியுமா?